எங்கள் எலும்புகளையும் கணக்கில் எடுங்கள்

எச்.ஐ.வி.யோடு வாழும் நாங்கள் ஐம்பது வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறோம். சிலருக்கு அறுபதும் ஆகிவிட்டது. பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். வைரஸை அடக்கி வைக்கக் கற்றுக்கொண்ட அரசு மருத்துவம், இந்த வயதில் எங்களை நெருங்கும் அடுத்த ஆபத்தை இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை. அது எலும்பு மெலிவு. கால் தடுக்கி விழுந்தாலே ஒடிந்துபோகும் அளவுக்கு எலும்பு பலமிழப்பது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் எங்கள் எடையைக் குறிக்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், வைரஸின் அளவைப் பார்க்கிறார்கள். எலும்பைப் பற்றிய நாலு கேள்விகளையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் வைக்கும் கோரிக்கை இதுதான்.

நான் நாமக்கல் மாவட்டத்தில் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரி. வயது 53. என் கணவர் போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்த்தார். வருடத்தில் பாதி நாள் வெளி மாநிலங்களில்தான் இருப்பார். 2003-ல் அவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பரிசோதனை செய்தார்கள். 2006-ல் அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து ஆரம்பித்தேன். எச்.ஐ.வி. உள்ளோருக்கான சங்கம் ஒன்றில் இப்போது களப்பணியாளராக இருக்கிறேன். மாத்திரை வாங்க வராதவர்களைத் தேடிப் போய்ப் பேசுவதும், புதிதாகத் தெரியவந்தவர்களுக்கு நம்பிக்கை மையத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்வதும் என் வேலை.

போன வருடம் ஆடி மாதம், விடிகாலையில் வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கும்போது வழுக்கி விழுந்தேன். மேடு பள்ளம் எதுவும் இல்லாத சமதரை. கையை ஊன்றினேன், வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. எலும்பு முறிவுப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பை இழுத்து வைத்து, மாவுக்கட்டுப் போட்டார்கள். “ஆறு வாரத்துல சரியாப் போயிரும்மா” என்றார் டாக்டர். சரியாகவும் போனது. இவ்வளவு சின்ன விழுகைக்கு ஏன் எலும்பு ஒடிய வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அடுத்து மாத்திரை வாங்கப் போனபோது கட்டோடுதான் போனேன். வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருப்பதாக ரிப்போர்ட் வந்திருந்தது. “சூப்பரா இருக்கீங்கக்கா” என்று மையத்தில் இருந்த தங்கச்சி மனதார மகிழ்ந்து சொன்னாள். இரண்டு இடத்திலும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது யாருடைய வேலை என்பதுதான் எங்கும் எழுதப்படவில்லை.

களப்பணியாளர் பயிற்சி ஒன்றில் பாடம் எடுத்த டாக்டரம்மாதான் என் கையைப் பார்த்துவிட்டு, “மாதவிடாய் எப்ப நின்னுச்சு?” என்று கேட்டார். 44 வயதில் என்றேன். “டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பாருங்க” என்று எழுதிக் கொடுத்தார். ஈரோட்டில் தனியார் ஸ்கேன் சென்டரில் கைக்காசு செலவழித்து எடுத்தேன். எலும்பின் அடர்த்தியை ஆரோக்கியமான இளம் வயதினரின் அளவோடு ஒப்பிட்டு டி-ஸ்கோர் என்று ஓர் எண் தருவார்கள். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய், என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகோல். என் முதுகெலும்புக்கு மைனஸ் 2.8 வந்தது. முதுகுவலியை இத்தனை நாளும் தறிவேலை செய்த உடம்பு என்று நினைத்துத்தான் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சங்கத்துக்கு வருபவர்களிடம் அதன் பிறகு நானே கேட்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் இருந்து இறங்கும்போது குதிகால் எலும்பு விட்டுப்போன அண்ணன், இருமியபோது விலா எலும்பு விரிசல் கண்ட அக்கா, முதுகு வளைந்து உயரம் குறைந்துவிட்ட ஒரு பெரியம்மா என்று கதைகள் வந்தன. இவர்களில் யாருக்கும் எலும்பு அடர்த்தி பார்க்கப்படவில்லை. “வயசாச்சு, அப்படித்தானுங்க இருக்கும்” என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். அந்த அண்ணனுக்கு வயது 46.

எலும்பு ஏன் மெலிகிறது?

எலும்பு உயிருள்ள உறுப்பு. நம் உடம்பில் பழைய சுவரை இடிக்கும் ஆட்களும் புதுச் சுவர் எழுப்பும் ஆட்களும் ஒரே நேரத்தில் வேலை செய்துகொண்டிருப்பதுபோல, பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புது எலும்பைக் கட்டும் செல்களும் ஓயாமல் இயங்குகின்றன. ஏறத்தாழ முப்பது வயதுவரை கட்டும் வேலை மேலோங்கியிருக்கும். அதன் பிறகு சமநிலை. பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் கரையும் வேலை வேகம் பிடிக்கிறது.

எச்.ஐ.வி. இந்தச் சமநிலையைக் குலைக்கிறது. வைரஸை எதிர்த்து நோய் எதிர்ப்பு மண்டலம் எப்போதும் கொதிநிலையில் இருக்கும்போது வெளியாகும் வேதிப்பொருட்கள், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. ஆகவே மருந்தே எடுக்காதவருக்கும் எலும்பு மெலியும். மருந்து ஆரம்பித்தபின் முதல் ஒன்றிரண்டு வருடங்களில் எலும்பு அடர்த்தி இன்னும் 2 முதல் 6 சதவீதம்வரை குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எந்தக் கூட்டு மருந்தை ஆரம்பித்தாலும் ஓரளவு குறையும். டெனோஃபோவிர் இருந்தால் கூடுதலாகக் குறையும். அதற்குப் பிறகு பெரும்பாலானோருக்கு அந்தச் சரிவு நின்றுவிடுகிறது. ஆனால் இழந்தது முழுவதும் திரும்பி வருவதில்லை.

டெனோஃபோவிர் இன்று நாங்கள் தினமும் விழுங்கும் டி.எல்.டி. மாத்திரையில் இருக்கும் மூன்று மருந்துகளில் ஒன்று. டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை அது. டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைப் பாதிக்கிறது. உடம்பு தக்கவைத்துக்கொள்ள வேண்டிய பாஸ்பேட் உப்பு சிறுநீரில் வெளியேறுகிறது. பாஸ்பேட் குறைந்தால் எலும்பு கெட்டிப்படாது. டி.எல்.டி.க்கு முன்னால் எங்களுக்குத் தந்த மாத்திரையில் எஃபாவிரென்ஸ் இருந்தது. அது வைட்டமின் டி-யை உடம்பு சீக்கிரமாகச் சிதைக்கும்படி செய்யும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினுக்கும் அதே குணம் உண்டு. எங்களில் காசநோய் மருந்து சாப்பிடாதவர்களை எண்ணிவிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னைப் போல 2006 வாக்கில் சிகிச்சை ஆரம்பித்தவர்கள் ஸ்டாவுடின் என்ற மருந்தை வருடக்கணக்கில் சாப்பிட்டோம். அன்றைக்கு அதுதான் எங்கள் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் அது கால் நரம்புகளைக் கெடுத்தது. பாதம் மரத்துப்போய், பஞ்சில் நடப்பது மாதிரி இருக்கும். அந்த மருந்தை நிறுத்திப் பல வருடங்கள் ஆன பின்பும் என் பாதத்தில் முழு உணர்ச்சி திரும்பவில்லை. தரையை உணராத கால் சுலபமாக வழுக்கும். மெலிந்த எலும்பும் மரத்த பாதமும் ஒரே உடம்பில் சேரும்போது முறிவுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இவை புதுச் செய்திகள் கிடையாது. அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2006-ல் ஒரு கட்டுரை வந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதையும், 15 சதவீதம் பேருக்கு ஆஸ்டியோபோரோசிஸ் இருப்பதையும் அது காட்டியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனைகளின் பதிவேடுகளை வைத்து 2008-ல் வெளிவந்த ஆய்வில், எச்.ஐ.வி. உள்ள நூறு பேரில் 2.87 பேருக்கு எலும்பு முறிவு இருந்தது. எச்.ஐ.வி. இல்லாதவர்களில் அது 1.77. எந்த வயதில் யாருக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று பன்னாட்டு வல்லுநர்கள் கூடி 2015-ல் பரிந்துரையும் வெளியிட்டார்கள். ஐம்பது வயதான ஆண்கள், மாதவிடாய் நின்ற பெண்கள், சிறு விழுகையில் எலும்பு ஒடிந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், அடிக்கடி விழும் நிலையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு டெக்ஸா ஸ்கேன் தேவை என்கிறது அது. அந்தப் பட்டியலில் மூன்று இடத்தில் எனக்குப் பொருந்துகிறது.

எங்கள் ஊரில் ஆபத்து கூடுதல்

மேல்நாட்டு ஆய்வுகளில் வருபவர்கள் பெரும்பாலும் நல்ல உடல்வாகு உள்ளவர்கள், பால் பொருட்கள் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். எங்கள் பக்கத்துப் பெண்களை அவர்களோடு வைத்துப் பார்க்க முடியாது. சின்ன வயதில் வீட்டில் பால் இருந்தால் அது கறந்து சொசைட்டிக்குப் போகும். பிள்ளைகளுக்கு வரக்காப்பிதான். எலும்பு வளர வேண்டிய வயதில் அதற்கு வேண்டியது கிடைக்கவில்லை. கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்று, முப்பத்தைந்து நாற்பது வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் எங்கள் சங்கத்திலேயே பலர் இருக்கிறார்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் அன்றைக்கே மாதவிடாய் நின்ற உடம்பாகிவிடும். எலும்பு அந்த வயதில் இருந்தே கரைய ஆரம்பிக்கும்.

வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்பார்கள். விசைத்தறிக் கூடத்துக்குள் வெயில் வராது. காலை ஷிப்டுக்கு இருட்டோடு போய், வெளியே வரும்போது சாயங்காலம் ஆகிவிடும். கோழிப்பண்ணை, ஸ்பின்னிங் மில், பனியன் கம்பெனி எல்லாவற்றிலும் கூரைக்குக் கீழேதான் வேலை. வேலையை விட்ட பிறகும், மருந்தால் முகம் ஒட்டிப்போன வெட்கத்தில் வெளியே தலைகாட்டாமல் வீட்டுக்குள் முடங்கிய அக்காமார்களை எனக்குத் தெரியும்.

ஆண்கள் பக்கம் பீடி, சிகரெட், குடி. மூன்றுமே எலும்பைத் தின்னும். காசநோய் மூளைக்குப் போனபோது உயிரைக் காக்க ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள். ஸ்டீராய்டும் குடியும் சேர்ந்தால் தொடை எலும்பின் பந்து மூட்டுக்குப் போகும் ரத்தம் தடைபட்டு, அந்த இடம் செத்துப்போவதும் உண்டு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. நாற்பது வயதில் தாங்கித் தாங்கி நடப்பவர்களைப் பார்த்தால், இடுப்புப் பக்கம் ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள் என்று நான் டாக்டர்களிடம் கெஞ்சுவேன்.

இளம் பெண்கள் பக்கம் வேறு ஒரு விஷயம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியை 2017 முதல் அந்தரா என்ற பெயரில் அரசு இலவசமாகத் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் அந்த ஊசியும் போடும் காலத்தில் எலும்பு அடர்த்தியைக் குறைக்கும். டெனோஃபோவிர் சாப்பிடும் பெண்ணுக்கு அதைப் போடும்போது இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். எனக்கு இன்னும் அதிகக் கவலை, பிறவியிலேயே தொற்றோடு வந்த பிள்ளைகளைப் பற்றியது. அவர்கள் இன்று இருபதைத் தொட்டு நிற்கிறார்கள். எலும்பு கட்டப்படும் வயது முழுவதும் வைரஸோடும் மருந்தோடும் கழிந்தது. ஐம்பதில் எனக்கு வந்தது அவர்களுக்கு முப்பத்தைந்தில் வந்துவிடக் கூடாது.

பயமுறுத்தாதீர்கள் என்கிறார்கள்

இதைப் பேச ஆரம்பித்தபோது எனக்கு நல்லது நினைக்கும் ஒரு டாக்டரே தயங்கினார். “மாத்திரையால எலும்பு தேயும்னு சொன்னா, நிறைய பேர் மாத்திரையையே நிறுத்திருவாங்க. அப்புறம் உயிருக்கே ஆபத்து” என்றார். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். மாத்திரையை நிறுத்தி இறந்துபோனவர்களின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனவள் நான்.

ஆனால் அந்தத் தகவல் ஜனங்களை எட்டாமல் இல்லை. யூடியூப் வீடியோ மூலமும், பக்கத்து வீட்டு அரைகுறை வைத்தியர் மூலமும் எட்டிவிடுகிறது. அப்படித் தெரிந்துகொள்ளும்போதுதான் நிறுத்துகிறார்கள். ஆலோசகர் உட்கார வைத்து, “இந்த மாத்திரை உங்க உயிரக் காக்குது. எலும்புக்கு இந்த அளவுக்கு ஒரு தொந்தரவு வரலாம். அதுக்கு இதெல்லாம் வழி இருக்கு” என்று சொன்னால் நிறுத்த மாட்டார்கள். பக்கவிளைவைச் சொல்லிக் கொடுத்தவர்களைத்தான் நாங்கள் நம்புகிறோம். ஸ்டாவுடினால் கன்னம் ஒட்டி, கால் மரத்தபோது, “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று சொன்னவர்கள் மேல் எங்களுக்கு நம்பிக்கை போனது இப்படித்தான்.

மருந்தைச் சீக்கிரம் ஆரம்பிப்பதா, தள்ளிப்போடுவதா என்று பல நாடுகளில் நடந்த ஸ்டார்ட் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது. உடனே ஆரம்பித்தவர்களுக்குக் கடுமையான நோயும் மரணமும் 57 சதவீதம் குறைந்தன. அதே ஆய்வில், உடனே ஆரம்பித்தவர்களுக்கு எலும்பு அடர்த்தி கொஞ்சம் கூடுதலாகக் குறைந்ததும் தெரிந்தது. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒன்றாகச் சொல்ல முடியும். மருந்தை விடாதீர்கள், எலும்பையும் பாருங்கள் என்ற இரண்டு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள முடியாதவர்கள் இல்லை நாங்கள்.

எலும்பு வார்டின் வாசலில்

எலும்பு ஒடிந்த பிறகு நடப்பதையும் எழுதியாக வேண்டும். எங்கள் சங்கத்தில் ஒரு தம்பிக்கு இடுப்பு மூட்டு செத்துப்போய், மாற்று மூட்டு வைக்க வேண்டும் என்றார்கள். ரத்தப் பரிசோதனை வரும்வரை எல்லாம் சரியாக நடந்தது. அதன் பிறகு, தியேட்டர் காலியில்லை, மயக்க டாக்டர் லீவு, சாமான் வரவில்லை என்று தேதி தள்ளிக்கொண்டே போனது. கட்டிலில் அவன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் குறி வைத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் தெரிந்துகொண்டார்கள். அவன் ஒரு ராத்திரி யாரிடமும் சொல்லாமல் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்துவிட்டான். பிறகு வேறு ஊரில், வேறு ஒரு டாக்டரின் நல்ல மனசால் ஆபரேஷன் நடந்தது. இன்று சொந்தமாக டீக்கடை வைத்திருக்கிறான்.

ஒருவரின் நல்ல மனசை நம்பி எங்கள் மூட்டுகள் இருக்கக் கூடாது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பதும் நிறுத்துவதும் அந்தச் சட்டப்படி தவறு. சம்மதமில்லாமல் ஒருவரது நிலையை வெளியே சொல்வதும் தவறு. புகார்களை விசாரிக்க மாநிலந்தோறும் குறைதீர் அதிகாரி வேண்டும் என்றும் அது சொல்கிறது. எலும்பு சிகிச்சைப் பிரிவுகளின் சுவரில் இந்தச் சட்டம் தமிழில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் அடங்கியிருக்கும் ஒருவருக்கு மூட்டு மாற்றுவதற்கு எந்தத் தடையும் இல்லை. கையுறை, முகக் கவசம், ஊசி குத்திவிட்டால் உடனே தரும் தடுப்பு மருந்து என்று பணியாளர்களைக் காக்கும் வழிகளும் இருக்கின்றன. இடுப்பு ஒடிந்த ஒருவருக்கு ஆபரேஷன் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் நிமோனியாவும் படுக்கைப் புண்ணும் ரத்தக் கட்டியும் நெருங்குகின்றன.

இந்த அவமானத்துக்குப் பயந்துதான் எங்களில் பலர் ஆஸ்பத்திரிக்கே போகாமல் புத்தூர் கட்டு போட்டுக்கொள்கிறார்கள். கட்டு வைத்தியத்தை நம்பும் குடும்பத்தில் பிறந்தவள்தான் நானும். ஆனால் எலும்பு உள்ளே மெலிந்திருக்கிறதா என்று கட்டு சொல்லாது. எக்ஸ்ரே எடுக்காமல் கட்டுப் போட்டு, வளைந்து கூடிய கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அரசிடம் கேட்பது

முதலாவது, ஏ.ஆர்.டி. மையத்தில் வருடத்துக்கு ஒருமுறை ஒரு பக்கக் கேள்வித்தாள். இதற்கு முன் எலும்பு ஒடிந்ததா, அப்பா அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஒடிந்ததா, மாதவிடாய் எப்போது நின்றது, புகை, குடி, ஸ்டீராய்டு உண்டா, இந்த வருடம் எத்தனை தடவை விழுந்தீர்கள் என்ற கேள்விகள் போதும். எடை பார்க்கும்போது உயரத்தையும் அளக்கட்டும். உயரம் குறைந்துகொண்டே வந்தால் முதுகெலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். எலும்பு முறியும் வாய்ப்பைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் என்ற கணிப்பான் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. இந்தியர்களுக்கான கணக்கும் அதில் உண்டு. நாற்பதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் அதைப் போட்டுப் பார்க்க ஆலோசகருக்குச் சில நிமிடங்கள் போதும்.

இரண்டாவது, அந்தக் கேள்விகளில் ஆபத்து தெரிகிறவர்களுக்கு டெக்ஸா ஸ்கேன் இலவசமாக வேண்டும். எல்லோருக்கும் கேட்கவில்லை. எல்லா ஊரிலும் எந்திரம் வை என்றும் கேட்கவில்லை. இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, ஒரு நாள் ஒதுக்கினால் பஸ் ஏறி நாங்கள் போய்க்கொள்வோம்.

மூன்றாவது, கால்சியமும் வைட்டமின் டி-யும். டெனோஃபோவிர் உள்ள கூட்டு மருந்தைப் புதிதாக ஆரம்பித்தவர்களுக்கு இவை இரண்டையும் சேர்த்துத் தந்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. அவர்களுக்கு இடுப்பு எலும்பின் இழப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கர்ப்பிணிகளுக்குத் தருவதற்காக ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கால்சியம் மாத்திரை ஏற்கெனவே வருகிறது. புது மருந்து வாங்க வேண்டியதில்லை, பட்டியலில் எங்களையும் சேர்க்க வேண்டும்.

நான்காவது, மாற்று மருந்து. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டெனோஃபோவிருக்குப் பதிலாக அபகாவிர் தரும் வழக்கம் நம் மையங்களில் இருக்கிறது. எலும்பு ஒடிந்தவர்களுக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும். டெனோஃபோவிரின் இன்னொரு வடிவமான டாஃப் எலும்பையும் சிறுநீரகத்தையும் குறைவாகவே பாதிக்கிறது. அமெரிக்காவில் அதற்கு 2015-ல் அனுமதி கிடைத்தது. இந்தியக் கம்பெனிகளே அதைத் தயாரிக்கின்றன. உலகத்தின் ஏழைகளுக்கு எச்.ஐ.வி. மருந்து செய்து அனுப்பும் நாட்டில், எலும்பு மெலிந்த ஏழைக்கு அது கிடைக்க வேண்டும். ஆஸ்டியோபோரோசிஸ் உறுதியானவர்களுக்கு வாரம் ஒரு மாத்திரையாக அலென்ட்ரோனேட்டும், வருடத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்தாக ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலமும் இருக்கின்றன. எனக்கு அந்தச் சொட்டு மருந்துதான் ஏற்றினார்கள். இவை வழக்கமான மருந்துகள், அரிதானவை இல்லை.

வீடு தேடி பிபி, சுகர் மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறதே, அதில் சேர்த்துவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அந்தத் திட்டத்தில் பிசியோதெரபியும் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் எங்களில் பலருக்கு வீட்டு வாசலில் வண்டி வந்து நிற்பதே பயம். ஒரே தெருவில் பதினைந்து வருடம் யாருக்கும் தெரியாமல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனவே எலும்புக்கான கவனிப்பு நாங்கள் ஏற்கெனவே போய் வரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட் அங்கே வந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

என் சொந்தங்களுக்கு

எச்.ஐ.வி.யோடு வாழும் அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். இதைப் படித்துவிட்டு ஒரு நாள்கூட மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்களில் சிலருக்கு மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ்-பி வைரஸும் இருக்கலாம். டெனோஃபோவிர் அதையும் சேர்த்துத்தான் அடக்குகிறது. திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் கெட்டுவிடலாம். மருந்தை மாற்றுவது டாக்டரின் முடிவு. கேட்பது உங்கள் உரிமை.

கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தால் நேரத்தைக் கவனியுங்கள். டி.எல்.டி.யையும் கால்சியத்தையும் வெறும் வயிற்றில் சேர்த்து விழுங்கினால், டொலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் ஒன்றாகப் போடலாம். இல்லையென்றால், டி.எல்.டி. போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கால்சியம். கால்சியத்தை முதலில் போட்டுவிட்டால் ஆறு மணி நேரம் கழித்து டி.எல்.டி. இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதே கணக்கு. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்தை டி.எல்.டி.யோடு எப்போதும் சேர்க்கக் கூடாது. சாப்பாட்டோடும் கூடாது. டி.எல்.டி.யைப் போட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு குடிக்கலாம். பலருக்கு இதை யாரும் சொல்லவில்லை என்பதால்தான் இத்தனை விவரமாக எழுதுகிறேன்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ராகிக் களி, முருங்கைக்கீரைப் பொரியல், எள்ளுருண்டை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, ஒரு டம்ளர் மோர். இவை நம் வீட்டுச் சாப்பாடுதான். முட்டையில் கால்சியம் குறைவு, ஆனால் எலும்புக்கும் தசைக்கும் வேண்டிய புரதம் உண்டு. நாமக்கல்லில் இருந்துகொண்டு முட்டை சாப்பிடாமல் இருக்காதீர்கள். கையும் காலும் வெயில் படும்படி கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள். தினமும் நடங்கள். பீடியையும் பாட்டிலையும் விடுங்கள். பாத்ரூமில் பாசி பிடிக்க விடாதீர்கள், தேய்ந்த செருப்பைத் தூக்கிப் போடுங்கள், ராத்திரி எழுந்தால் லைட் போடுங்கள், கண்ணில் புரை இருந்தால் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது, “என் எலும்பு எப்படி இருக்குன்னு பார்க்கணுங்க” என்று கேளுங்கள். நூறு பேர் கேட்டால் நூற்றியோராவது ஆளுக்கு அவர்களே பார்ப்பார்கள்.

முதல் அடி

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-ல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் யாரும் பேசத் துணியாத ஒன்றை ரத்த மாதிரிகளோடு நாட்டுக்குச் சொன்னார்கள். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சங்கத்தை நாட்டில் முதலில், 1994-ல், அமைத்தது தமிழ்நாடு. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து தர ஆரம்பித்தபோது முதல் மையங்களில் ஒன்றாகத் தாம்பரம் இருந்தது. இந்த மாநிலம் முன்னால் நடந்ததால்தான் நான் உயிரோடு இருந்து இதை எழுதுகிறேன்.

நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் எங்கள் சராசரி வயது கூடிக்கொண்டே போகும். இடுப்பு ஒடிந்து படுக்கையில் விழும் ஒருவருக்கு ஆகும் செலவில், பல பேருக்கு வருடம் முழுவதும் கால்சியம் கொடுத்துவிடலாம். கேள்வித்தாளுக்கு ஒரு தாள், உயரம் அளக்க ஓர் அளவுகோல், ஆலோசகர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. தொடங்குவதற்கு இவ்வளவுதான் தேவை. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் இந்த வருடமே ஒரு மாவட்டத்தில் இதைத் தொடங்கட்டும். எங்கள் நாமக்கல்லில் தொடங்கினால், கேள்வித்தாளோடு ஒவ்வொருவரிடமும் போய் உட்கார நானும் என் சங்கத்துத் தோழிகளும் தயாராக இருக்கிறோம்.